ஐந்து மணிக்கு நீயும் உட்கார்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? மடத்தின் ஒரு வேளைச் சாப்பாட்டில் உடம்பு தாங்குகிறதா? நீ அனுப்பிய போட்டோவில் முகத்தைவிட மூக்குதான் பெரிதாகத் தெரிகிறது. உன் அத்தான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவன் ஞானம் அடையறதுக்கு முன்னாடி காத்துல பறந்துடுவான் போலிருக்கே" என்றார்.

நீ காவி உடுத்திய பிறகு உன்னை வணக்கத்துக்குரிய பிக்கு என்றுதான் அழைக்க வேண்டுமாம். எங்கள் ஓதல் கூட்டத்துப் பெரியவர் சொல்கிறார். உனக்கு மூக்கு சிந்திவிட்ட கையாலேயே கும்பிடவும் வேண்டுமாம். அதுவரை டேய் என்றே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போன வாரம் ஒரு கூத்து. மூன்றாம் மாடியிலிருந்து வந்த தலையணை உறைக்குள் ஒரு பல்செட் இருந்தது. கொதிநீரில் வெந்து, வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு வார்டாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு தாத்தா வாங்கி வாயில் மாட்டிக்கொண்டு, முன்பைவிட இப்போது நன்றாகப் பொருந்துகிறது என்றார்.

உன் போன கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அவரவர் கரையை அவரவரே நீந்தித்தான் அடைய வேண்டும் என்கிறாய். நாங்கள் வியாழக்கிழமைதோறும் சைக்கிள் கடை மாடியில் உட்கார்ந்து புத்தரின் சூத்திரங்களை ஓதுகிறோம். ஓதி முடித்ததும் சேர்ந்த புண்ணியத்தையெல்லாம் இன்னாருக்கு என்றில்லாமல் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு படி இறங்குகிறோம். எல்லாரும் கரை ஏறிய பிறகு கடைசியாக ஏறினால் போதும் என்பது எங்கள் உறுதிமொழி. நீ முதல் பஸ் கட்சி, நான் கடைசி பஸ் கட்சி. இரண்டும் ஒரே ஊருக்குத்தான் போகிறதென்று நினைத்துக்கொள்கிறேன்.

தொண்டை கட்டிக்கொண்டு ஒரு மாதமாகச் சரியாகவில்லை. இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி வந்ததுதான். நீ குளிரில் காதை மூடிக்கொள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு இலேசாக இருக்கிறது, மனமும் அப்படித்தான். உனக்கும் அத்தானுக்கும் நலம் உண்டாகட்டும்.

என் குடில் பழைய லிஃப்ட் பெட்டி அளவுதான் இருக்கும். ஒரு பலகை, ஒரு பாய், ஒரு ஜன்னல். மெக்கானிக்காக இருந்தபோது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுவார்கள். இங்கே நானே உள்ளே, நானே தட்டுகிறேன், நானே திறக்க வேண்டும்.

நீ கேலி செய்தாலும் சொல்கிறேன். அம்மா படுத்திருந்தபோது ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் வலியில் ஒரு துளியையாவது நம்மால் வாங்கிக்கொள்ள முடிந்ததா? இல்லை. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, யாரும் யாருக்காகவும் எதையும் சுமக்க முடியாது. புத்தரும் வழியைத்தான் காட்டினார், தூக்கிக்கொண்டு போகவில்லை. நீங்கள் மாடியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கொடுப்பது நல்ல மனசுதான். ஆனால் கையில் இருந்தால்தானே கொடுக்க முடியும்?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தினமும் அரை மணி நேரம் தனியாக, வாயை மூடிக்கொண்டு உட்கார். மூச்சைப் பார். வேறு எதுவும் வேண்டாம். தொண்டைக்கும் அது நல்லது.

நலமே விளைக.

தம்பி

*

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடேயே ஆரம்பிக்கிறேன். அத்தான் நலம், நானும் பரவாயில்லை.

நீ சொன்னபடி உட்கார்ந்தேன். முதல் நாள் மூச்சைப் பார்த்தேன். இரண்டாம் நாள் பால் பொங்கியதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் நன்றாகத் தூங்கிவிட்டேன். உன் அத்தான் எட்டிப் பார்த்து, அக்காவும் தம்பியும் ஒரே நாளில் முக்தி அடைந்துவிடுவார்கள் போலிருக்கிறது, எனக்கு யார் சோறு போடுவது என்று கேட்டார்.

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். டிரைவிங் பள்ளிக்காரரிடம் போய்ச் சொந்த முயற்சியைப் பற்றிப் பேசலாமா? "வண்டிய தானே ஓட்டறதாதான் கத்துக்கறவன் நினைப்பான். என் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்குன்னு அவனுக்கு ஞாபகமே இருக்காது. நானும் ஞாபகப்படுத்த மாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறி, அடங்க வெகு நேரம் ஆனது.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். வலியை வாங்கிக்கொள்ள முடியவில்லை, சரி. ஆனால் நான் தண்ணீர் கொண்டுவர எழுந்தபோது அம்மாவின் கை என்னைத் தேடியது. நீ அதைப் பார்க்கவில்லையா? கை பிடித்திருந்தது அம்மாவுக்குத் தெரிந்தது. எனக்கு அது போதும்.

தொண்டையிலிருந்து ஒரு துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்குப் பயமில்லை, உன் அத்தானுக்குத்தான். ஒரு வாரம் வந்து இருந்துவிட்டுப் போயேன். கடிதத்தில் சண்டை போட்டு அலுத்துவிட்டது. நேரில் போடலாம்.

உன் அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் நலம். நீ உட்கார்ந்தாய் என்று படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தூங்கினால் பரவாயில்லை, எல்லோரும் முதலில் தூங்குவார்கள். விட்டுவிடாதே.

தொண்டைக்கு ஆவி பிடி. சோதனை முடிவு நல்லபடியாகத்தான் வரும்.

இப்போது வர முடியாது அக்கா. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய மூன்று மாத மௌனம் ஆரம்பிக்கிறது. ஐந்து வருடமாக இதற்காகத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் காவி வாங்குகிறேன். வெளியே போய்விட்டு வந்தால் மனம் பழையபடி கலங்கிவிடும், தெளிய மாதக்கணக்கில் ஆகும் என்கிறார் ஆசான். எனக்கும் அதே பயம்தான்.

அத்தான் சொன்ன பிரேக் கதைக்குச் சிரித்தேன். ஆனால் கடைசியில் உரிமம் வாங்குகிறவன் தனியாகத்தானே ஓட்டிக் காட்ட வேண்டும்? கேட்டுச் சொல்.

நலம் பெருகட்டும்.

தம்பி

*

ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபம் இல்லை. நீ நலமா? நாங்கள் இருக்கிறோம்.

சோதனை முடிவு வந்தது. கட்டியை எடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள். ஜூன் தொடக்கத்தில் அறுவை. பெரிய மருத்துவமனை, தெரிந்த முகங்கள். என்னைப் படுக்கவைக்கப் போகும் விரிப்பை நானே மடித்து வைத்திருப்பேன், அதனால் சுத்தத்தைப் பற்றிக் கவலை இல்லை. அதற்குப் பிறகு குரல் கொஞ்சம் மாறலாம் என்கிறார் டாக்டர். உன் அத்தான் அவரிடம் கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நாலைந்து தடவை கேட்டார். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சலவைக்கூடத்தில் பெண்கள் இப்போதே என்னைக் கத்தவிடுவதில்லை. மடிப்பு மேசையில் தட்டினால் ஓடி வருகிறார்கள். இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியபோது வராதவர்கள்.

டேய், ஒரு தடவைதான் கேட்பேன். மே மாதத்தில் ஒரு வாரம் வா. வேலை ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்ளவும் வேண்டாம். உட்கார்ந்து பேசினால் போதும். நான் பேசுவேன், நீ கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி. ஜூன் முதல் தேதி உன் மௌனத்துக்கு உன்னைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உன் அக்கா

*

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் என்னை இரண்டு நாள் உட்காரவிடவில்லை. ஆசானிடம் போய்க் கேட்டேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "முடிவு பண்றதும் உன் பயிற்சிதான்" என்றார்.

முடிவு செய்துவிட்டேன். உள்ளே போகிறேன்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதே. நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் உன் வலி குறையுமா? அழுவோம், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக ஒன்று செய்வோம். விடியற்காலை ஐந்து மணிக்கு நான் இங்கே உட்காருவேன். ஐந்து மணிக்கு நீயும் உட்கார். மருத்துவமனைக் கட்டிலாக இருந்தாலும் சரி. அறுவை முடிந்து எப்படியும் பேசாமல் இருக்கச் சொல்வார்கள். அதையே உன் மௌனமாக எடுத்துக்கொள். இப்படி ஒரு சந்தர்ப்பம் உனக்கு இனி வாய்க்காது.

மடத்து ஒழுங்கு இது: மௌன காலத்தில் மாதம் ஒரு சின்னக் கடிதம் நாங்கள் அனுப்பலாம். நீ எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. உன்னிடமிருந்து எதுவும் வராவிட்டால், நீ உட்கார்ந்திருக்கிறாய், நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். அதைவிட நல்ல கடிதம் எனக்கு வேண்டாம்.

நீ நலமாவாய்.

தம்பி

*

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

சரி.

எழுதவில்லை என்றால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். ஐந்து மணிக்கு உட்காருகிறேன். இந்தத் தடவை தூங்க மாட்டேன்.

நாளை மறுநாள் நீ உள்ளே போகிறாய், நானும் உள்ளே போகிறேன். நன்றாகச் செய்துவிட்டு வா. பாதியில் எழுந்துவிடாதே. எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் பாதியில் எழுந்து வந்த பையன் நீ, அதனால் சொல்கிறேன்.

காதை மூடிக்கொள். நிறையச் சாப்பிடு என்று சொல்ல முடியாது, இருக்கிற ஒரு வேளையையாவது மிச்சம் வைக்காமல் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜூன் 22

தம்பிக்கு,

அத்தான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நலம் விசாரிக்கும் மனநிலையிலும் இல்லை.

அறுவை நடந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துளை போட்டிருக்கிறார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. இனி அவளால் பேச முடியாது. கொஞ்சம் மாறலாம் என்று உனக்கு எழுதினாளே, அப்போதே அவளுக்கு எல்லாம் தெரியும். அதற்காகத்தான் மே மாதம் உன்னை வரச் சொன்னாள். குரல் இருக்கும்போதே உன்னோடு பேசிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சொன்னால் நீ வந்துவிடுவாய், வந்தால் மௌனத்தை விட்டுவிடுவாய் என்று சொல்லாமலே விட்டாள். உங்கள் அக்கா தம்பி நியாயம் எனக்குப் புரியவில்லை.

புற்று நுரையீரலுக்கும் போய்விட்டது. நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சில மாதம்கூட நிச்சயமில்லை என்கிறார்.

உன் மடத்து அலுவலகத்தில் அவசரக் கடிதம் என்று சொன்னால் உன்னிடம் கொடுப்பார்களாம், விசாரித்துவிட்டேன். நீ உடனே கிளம்பி வா

(இதற்கு மேல் எழுதவில்லை. அவள் விழித்துக்கொண்டு பார்த்துவிட்டாள். டிரைவிங் பள்ளியில் முச்சந்தி வரைந்து காட்டும் சின்னப் பலகையை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அதில் 'அனுப்பாதே' என்று எழுதினாள். நான் அனுப்பத்தான் போகிறேன் என்றேன். அதன் கீழேயே மறுபடியும் அதையே எழுதிக் கோடு போட்டாள்.)

*

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

இம்மாதக் கடிதம். நலம்.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு வாரமும் அலுவலகத்தைக் கடக்கும்போது கடிதப் பெட்டியைப் பார்ப்பேன், காலியாக இருக்கும், எனக்கு மனம் நிறைந்துவிடும். அக்கா உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொள்வேன். இத்தனை பேசுகிற நீ பேசாமல் இருக்கிறாய் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பெருமையாகவும் இருக்கிறது. உன் மௌனத்தை வணங்குகிறேன்.

எனக்குக் கால் வலி தாங்க முடியாமல் எழுந்துவிடலாம் என்று தோன்றும். உடனே நீ அறுவை முடிந்த உடம்போடு உட்கார்ந்திருக்கிறாயே என்று நினைப்பேன். எழ மாட்டேன்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதினால் குறைவு. ஐந்து வருடத்தில் இப்படி நடந்ததில்லை. உட்கார்ந்தால் நேரம் போவது தெரியவில்லை. ஆசான் நேற்று என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவர் யாருக்கும் அப்படிச் செய்ய மாட்டார்.

அவரிடம் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். ஐந்து மணிக்குக் கண்ணை மூடியதும் பக்கத்தில் நீ உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது. அவர் கேட்டால் துணை தேடாதே என்று திட்டுவார். அதனால் உனக்கும் எனக்கும் மட்டும் இருக்கட்டும்.

இன்னும் மூன்று வாரம். முடிந்ததும் முதல் கடிதம் உனக்கு. பிறகு காவி. நீ கும்பிடத்தான் வேண்டும், தப்பிக்க முடியாது.

தம்பி

*

செப்டம்பர் 1

தம்பிக்கு,

நேற்றோடு உன் மௌனம் முடிந்திருக்கும். அதனால் இன்றைக்கு எழுதுகிறேன். அதற்கு முன்னால் எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அக்கா போய்விட்டாள். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி மாலை, வீட்டில்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜூனில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன்.

உன் இரண்டு கடிதங்களையும் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மௌனத்தை வணங்குகிறேன் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்து காகிதத்தைக் கசக்கிவிட்டேன். அவள் வாங்கி, மடியில் வைத்து நீவி, சலவைக்கூடத்தில் மடிப்பது போலவே மூலை சேர்த்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். அவள் சிரித்தாள், சத்தம்தான் இல்லை.

இந்த ஏமாற்று வேலை வேண்டாம், அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று அன்றைக்குச் சண்டை போட்டேன். 'நான் பொய் சொல்லல' என்று பலகையில் எழுதினாள். பொய் சொல்லாமல் இருப்பது உங்கள் விரதங்களில் ஒன்றாமே. உட்காருகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, உட்கார்ந்தால் அது பொய் இல்லை என்பது அவள் கணக்கு. தினமும் ஐந்து மணிக்கு அலாரம் வைக்கச் சொல்வாள். நான் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கித் தூக்கி உட்காரவைப்பேன். எலும்பெல்லாம் வலி. உட்காரவைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன். கடைசி வாரத்தில் தலை நிற்கவில்லை, நான் பின்னால் உட்கார்ந்து நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். அப்படியும் உட்கார்ந்தாள். பத்தொன்பதாம் தேதி காலையிலும்.

உட்கார்ந்து என்னதான் பண்ணுகிறாய், மூச்சைப் பார்க்கிறாயா என்று ஒருநாள் கேட்டேன். மூச்சே அவளுக்குத் துளையில் இரைந்துகொண்டிருந்தது. 'அவனுக்குக் குடுத்துக்கிட்டிருக்கேன்' என்று எழுதினாள்.

எனக்கு ஞானமும் தெரியாது, கரையும் தெரியாது. உன்மேல் கோபமாக இருக்கிறேன். அவள்மேலும்தான். ஆனால் வீடு சத்தமே இல்லாமல் இருக்கிறது. வருவதானால் வா.

அத்தான்

*

செப்டம்பர் 7

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா?

உங்கள் கடிதத்தை அலுவலக வாசலில் நின்றே படித்தேன். படித்து முடித்ததும் காலியான அந்தக் கடிதப் பெட்டி எதிரே இருந்தது. அதைப் பார்த்துத்தான் மூன்று மாதமும் சந்தோஷப்பட்டேன்.

யாரும் யாருக்காகவும் எதையும் சுமக்க முடியாது என்று அவளுக்கு எழுதியவன் நான். இத்தனை நாளும் அவள்தான் என்னைத் தூக்கி உட்காரவைத்திருக்கிறாள், நீங்கள் அவளைத் தூக்கி உட்காரவைத்திருக்கிறீர்கள். உங்களிடம் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. பத்தொன்பதாம் தேதி எனக்கு எதுவும் தெரியவில்லை. இருபதாம் தேதி காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல அக்கா பக்கத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

காவி வாங்க இந்த ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள். இப்போது முடியாது என்று ஆசானிடம் சொன்னேன். மௌனத்தில் நடந்ததையெல்லாம் சொன்னேன். "போயிட்டு வாப்பா" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

இதை விரைவுத் தபாலில் போட்டுவிட்டு நாளை கிளம்புகிறேன். அவள் கேட்ட ஒரு வாரம் இருக்கிறேன். நீங்கள் திட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு உதவி. நேற்றிலிருந்து அவள் குரலை நினைத்துப் பார்க்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது. ஐந்து வருடமாகக் கடிதமாகவே படித்துவிட்டேன். அவள் எழுத்து வருகிறது, முகம் வருகிறது, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் கை வருகிறது. என்னை டேய் என்று கூப்பிடுவாள், அது தெரியும். எப்படிக் கூப்பிடுவாள் என்பது மறந்துவிட்டது. நான் வந்து கதவைத் தட்டும்போது, கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவள் கூப்பிடுவது போலவே ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டுங்கள் அத்தான்.

தம்பி